ஏரி நீலத்தின் எழுபது ஆண்டுகள்

அந்தப் படச்சுருளின் உடம்பு பருத்தி. பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த தொட்டியில் ஊறவைத்து, கற்பூரம் சேர்த்துக் குழைத்து, கண்ணாடிபோலத் தெளிந்த மெல்லிய பட்டையாக வார்த்தெடுத்தால் நைட்ரேட் ஃபிலிம். அதே பஞ்சு அமிலத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் குடித்துவிட்டால் வெடிப்பஞ்சு. இரண்டும் அக்காள் தங்கை. பட்டையின் மேல் மாட்டெலும்பையும் தோலையும் காய்ச்சி எடுத்த ஜெலட்டின் பூச்சு. அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளி உப்பு மணிகள். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில், ஈஸ்ட்மன் கோடக் ஆலையின் இருட்டறைகளில் இப்படி உருவான சுருள்கள் தகர டப்பாக்களில் அடைபட்டு உலகமெங்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1945-ல் அவற்றில் சில கலிஃபோர்னியாவுக்குப் போய், அங்கிருந்து சியரா நெவாடா மலைமேல் ஏறின. ஏறத்தாழ மூவாயிரத்து நானூறு அடி உயரத்தில் பைன் மரங்கள் சூழக் கிடக்கும் பாஸ் லேக் என்ற ஏரிக்கரையில் டப்பாக்களைத் திறந்தார்கள்.

எடுக்கப்பட்ட படம் 'லீவ் ஹெர் டு ஹெவன்'. டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸின் தயாரிப்பு, இயக்கம் ஜான் எம். ஸ்டால், ஒளிப்பதிவு லியோன் ஷாம்ராய். பென் ஏம்ஸ் வில்லியம்ஸ் 1944-ல் வெளியிட்ட நாவல்தான் கதை. தலைப்பு ஹாம்லெட் நாடகத்திலிருந்து வந்தது. செத்துப்போன தகப்பனின் ஆவி, 'உன் தாயை நீ தண்டிக்காதே, அவள் கணக்கை மேலே இருப்பவன் பார்த்துக்கொள்வான்' என்று மகனிடம் சொல்லும் இடம் அது.

மலையேறிய சுருள்கள் அத்தனையும் கறுப்பு வெள்ளைச் சுருள்கள். நான் பார்த்த பழைய கலர் படங்களில் இவ்வளவு நிறம் ததும்பும் படம் வேறில்லை. அதன் மூலச்சுருளில் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை, வெறும் வெள்ளியின் கருமை மட்டும்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தச் சுருளின் பிற்கால வாழ்க்கையும் எனக்குப் புரிந்தது.

படம் எடுத்த முறையின் பெயர் டெக்னிகலர். அதன் கேமராவை அப்போது விலைக்கு வாங்க முடியாது, வாடகைக்கு மட்டுமே கிடைக்கும். கேமராவோடு அதை இயக்கத் தெரிந்த ஆட்களும் வருவார்கள், சுருள் கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் அந்த நிறுவனத்தின் லேபிலேயே நடக்கும், உடை முதல் திரைச்சீலை வரை எந்த நிறம் எதனோடு சேரும் என்று சொல்ல ஓர் ஆலோசகரும் உண்டு. நேட்டலி கால்மஸ் என்ற பெயர் அந்தக் காலத்து டெக்னிகலர் படங்களின் டைட்டிலில் தவறாமல் வருவது அதனால்தான். சத்தம் வெளியே கேட்காதபடி உறை போட்டுவிட்டால் கேமரா ஒரு சின்ன பீரோ அளவுக்கு நிற்கும். லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பட்டகம். உள்ளே வரும் வெளிச்சத்தை அது இரண்டாகப் பிரிக்கும். நேரே போகும் கதிர் பச்சை வடிகட்டியைத் தாண்டி ஒரு சுருளில் விழும். பக்கவாட்டில் திரும்பும் கதிர், முகத்தோடு முகம் ஒட்டி ஓடும் இரண்டு சுருள்களில் விழும். முன்னால் இருப்பது நீலத்தை வாங்கிக்கொள்ள, பின்னால் இருப்பது சிவப்பை வாங்கும். ஆக ஒரு காட்சிக்கு மூன்று நெகட்டிவ். ஒன்றுக்குப் பச்சை மட்டும் தெரியும், மற்றொன்றுக்கு நீலம் மட்டும், மூன்றாவதற்குச் சிவப்பு மட்டும். மூன்றும் பார்த்ததைக் கறுப்பு வெள்ளையாக எழுதி வைத்துக்கொள்ளும்.

படம் 110 நிமிடம். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு நெகட்டிவில் 1,58,400 ஃபிரேம், மூன்றிலும் சேர்த்து 4,75,200. நீளத்தில் ஒன்பது கிலோமீட்டர். எடுத்து வெட்டிப் போட்டதைச் சேர்க்காமல், முடிந்த படத்துக்கு மட்டும் உள்ள கணக்கு இது. வெளிச்சம் இப்படி மூன்றாகப் பங்கு போவதால் ஒவ்வொரு சுருளுக்கும் கிடைப்பது கொஞ்சம். செட்டுக்குள் கார்பன் ஆர்க் விளக்குகளைக் கொட்டி எரிக்க வேண்டும். மலைமேல் சூரியன் அந்த வேலையைச் செய்தது. ஷாம்ராய்க்கு 'பிளாக் ஸ்வான்', 'வில்சன்' என்ற இரண்டு கலர் படங்கள் ஏற்கெனவே ஆஸ்கர் வாங்கித் தந்திருந்தன. இந்தச் சுருளை எவ்வளவு பசியோடு வைத்திருக்கலாம், எங்கே வயிறு நிறைய வெளிச்சம் ஊட்டலாம் என்று அறிந்த கை.

கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரிச்சர்ட் ஒரு நாவலாசிரியன். ரயிலில் எதிர் இருக்கையில் ஓர் அழகான பெண் அவனுடைய நாவலையே படித்துக்கொண்டிருக்கிறாள். அவள்தான் எலன். ஜீன் டியர்னி நடித்த பாத்திரம். அவனை அவள் கண்ணெடுக்காமல் பார்க்கிறாள், இறந்துபோன தன் தகப்பனின் சாயல் அவனிடம் இருப்பதாகச் சொல்கிறாள். நியூ மெக்ஸிகோவின் மேட்டு நிலத்தில், குதிரைமேல் அமர்ந்து தகப்பனின் சாம்பலைக் காற்றில் வாரி இறைத்துக்கொண்டே அவள் பாய்ந்து போகும் காட்சி வருகிறது. செம்பாறைகள், குறுமரங்கள், இடமும் வலமும் வீசும் கைகள், கண்ணீர் இல்லாத முகம். அவளுடைய அன்பில் ஏதோ பிசகு இருப்பதை வசனம் சொல்லும் முன்பே அந்த வெளி சொல்லிவிடுகிறது. கல்யாணம் முடிகிறது. ரிச்சர்டுக்கு டேனி என்று ஒரு தம்பி, இளம்பிள்ளைவாதத்தில் கால் விழுந்த சிறுவன். மேய்ன் மாநிலத்துக் காட்டுக்குள் ஏரிக்கரையில் இருக்கும் மரவீட்டுக்கு மூவரும் போகிறார்கள். எலனுக்குக் கணவன் மட்டும் போதும். பக்கத்து அறையில் தம்பி இருப்பதும், மெல்லிய பலகைச் சுவர் வழியே அவன் குரல் வருவதும் அவளுக்கு ஆகவில்லை.

மேய்னாக நடித்ததுதான் பாஸ் லேக்.

அங்கே எடுத்த ஒரு காட்சிக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். ஏரியின் குறுக்கே நீந்திக் காட்டுகிறேன் என்று டேனி தண்ணீரில் இறங்குகிறான். எலன் துடுப்புப் படகில் கூடவே போகிறாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாள். உச்சிவெயில், தெளிந்த வானம், கரை முழுக்கப் பைன் மரங்களின் கரும்பச்சை, அது தண்ணீரில் இறங்கி நீலத்தோடு கலக்கும் விளிம்பு. படத்துக்கு இசை அமைத்தவர் ஆல்ஃபிரட் நியூமன், ஆனால் இந்த இடத்தில் இசையே இல்லை. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீரும் சிறுவனின் மூச்சும்தான் கேட்கின்றன. பையன் களைக்கிறான். அவளைக் கூப்பிடுகிறான். அவள் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தலை முங்குகிறது, மேலே வருகிறது, மறுபடி முங்குகிறது. அவள் முகத்தில் வெறுப்பு இல்லை, வெறி இல்லை. கொதிக்கும் பாலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் முகத்தில் இருக்கும் கவனம் மட்டும் இருக்கிறது. கரையில் கணவன் வரும் அரவம் கேட்டதும் அலறிக்கொண்டு தண்ணீரில் குதிக்கிறாள். இதற்கு மேல் கதையை நான் சொல்லப்போவதில்லை, பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்துக் குற்றப் படங்கள் இருட்டை நம்பியவை. மழை பெய்த தெரு, ஜன்னல் பலகைகளின் நிழல், பாதி முகம். தப்பு செய்பவன் இருளுக்குள் நிற்பான், நாமும் அங்கேதான் ஆபத்தைத் தேடுவோம். இந்தப் படம் நிழலை முழுக்க எடுத்துவிட்டது. ஒளிந்துகொள்ள இடமே இல்லாத வெளிச்சத்தில் ஒரு கொலை நடக்கிறது. மலை அழகாக இருக்கிறது, தண்ணீர் அழகாக இருக்கிறது, அவளும் அழகாக இருக்கிறாள், அந்த அழகில் எதுவுமே அந்தச் சிறுவனுக்குக் கை கொடுக்கவில்லை. முதல்முறை பார்த்தபோது, அவன் மூழ்கி முடிந்த பிறகும் ஒரு கணம் அந்த நீலத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். உடனே உள்ளங்கை சில்லிட்டுப்போனது. இந்தப் படத்தின் பயம் அதன் நிறத்தில்தான் குடியிருக்கிறது. நிறத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பொறாமைக்காரப் பெண்ணின் கதை, அவ்வளவுதான்.

மலையிலிருந்து இறங்கிய நெகட்டிவ்கள் ஹாலிவுட்டில் டெக்னிகலர் லேபுக்குப் போயின. அங்கே நடந்ததைச் சொல்ல சிவகாசி காலண்டர்தான் சரியான உவமை. முருகன் படம் ஒரே அடியில் அச்சாவதில்லை. மஞ்சளுக்கு ஒரு தகடு, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று தாள் பலமுறை எந்திரத்துக்குள் போய் வரும். டெக்னிகலர் அதை ஃபிலிமில் செய்தது. மூன்று நெகட்டிவ்களிலிருந்தும் மூன்று அச்சுச் சுருள்கள் எடுப்பார்கள். அவற்றில் ஜெலட்டின், படத்தின் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் ஏற்ப மேடும் பள்ளமுமாக நிற்கும். பச்சையைப் பார்த்த சுருள் மெஜந்தா சாயத்தில் நனையும், சிவப்பைப் பார்த்தது சயானில், நீலத்தைப் பார்த்தது மஞ்சளில். ஒவ்வொன்றாக வெற்றுச் சுருளின் மேல் அழுத்தினால் சாயம் இறங்கிவிடும். மூன்றும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ஜீன் டியர்னியின் உதட்டுக்கு வெளியே இன்னோர் உதடு சிவக்கும். அதற்காகவே ஊசிகள் வரிசையாக நட்ட உலோகப் பட்டையில் ஓரத் துளைகளைக் கோத்து அச்சுச் சுருளையும் வெற்றுச் சுருளையும் சேர்த்து ஓட்டுவார்கள்.

ஆக இந்தப் பிரிண்டில் நிறம் என்பது துணிக்குப் போடுவதைப்போல வெளியிலிருந்து ஏற்றிய கெட்டிச் சாயம். லேசில் மங்காது. தமிழ் ரசிகர்களும் இந்தச் சாயத்தைப் பார்த்திருக்கிறார்கள்: 1959-ன் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கேவாகலரில் எடுக்கப்பட்டு, லண்டன் டெக்னிகலர் லேபில் பிரிண்ட் போடப்பட்ட படம்.

1945 டிசம்பரில் படம் வெளியானது. போர் முடிந்து நாலு மாதம். திரையரங்குகள் நிரம்பி வழிந்தன, ஃபாக்ஸுக்கு அந்தப் பத்தாண்டின் மிகப் பெரிய வசூல்களில் ஒன்றாக நின்றது. ஷாம்ராய்க்குக் கலர் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் மூன்றாம் முறையாக வந்தது. டியர்னியும் பரிந்துரைக்கப்பட்டார், விருது 'மில்ட்ரெட் பியர்ஸ்' படத்துக்காக ஜோன் கிராஃபோர்டுக்குப் போனது. படப்பெட்டிகள் ஊர் ஊராகப் போய் வந்தன. ஓடித் தேய்ந்த பிரிண்டுகள் கழிக்கப்பட்டன. மூன்று நெகட்டிவ்களும் ஃபாக்ஸின் காப்பறையில் டப்பாக்களுக்குள் உறங்கின.

1950-ல் கோடக் வேறொரு ஃபிலிமைக் கொண்டுவந்தது. நம் ஊர் போஸ்டர்களில் பிறகு கொட்டை எழுத்தில் வந்த 'ஈஸ்ட்மன் கலர்' அதுதான். மூன்று நிறமும் ஒரே சுருளில் மூன்று அடுக்காக இருக்கும், எந்தக் கேமராவிலும் ஓடும். பீரோ கேமராவுக்கு வேலை போயிற்று. 1955-ல் வெளியான 'ஃபாக்ஸ்ஃபயர்' அமெரிக்காவில் மூன்று சுருளில் எடுத்த கடைசிப் படம். நைட்ரேட் ஃபிலிம் தயாரிப்பையும் ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே கோடக் நிறுத்தியிருந்தது.

ஈஸ்ட்மன் கலரின் சாயம் நிலைக்கவில்லை. சயான் முதலில் செத்துவிடும். வானமும் தண்ணீரும் இலையும் போய், எல்லாமே காவியும் ரோஸும் கலந்த ஒரு நிறத்துக்குத் திரும்பிவிடும். எண்பதுகளில் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து பழைய கலர் படம் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கதாநாயகன் சட்டையும் கொடைக்கானல் மலையும் ஒரே சிவப்பில் ஓடும். பிரிண்ட் பழசு என்று நினைத்துக்கொள்வோம். பழசானதால் மட்டும் வந்த வினை இல்லை அது. அந்தச் சாயத்தின் விதி.

இந்த விதி பரவலாகத் தெரிய வருவதற்கு முன்பே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் தானே ஆக்சிஜனைத் தந்துகொண்டு தண்ணீருக்கடியிலும் எரியும். நாளானால் சுருங்கும், பிசுபிசுக்கும், தூளாகும். அதைக் காப்பாற்றக் குளிர்ந்த காப்பறை வேண்டும், காவல் வேண்டும், காப்பீடு வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று மடங்கு டப்பாக்கள். எழுபதுகளின் நடுவில் ஃபாக்ஸ் ஒரு வழி கண்டது. மூன்று நெகட்டிவ்களையும் சேர்த்து, கலர் ரிவர்சல் இன்டர்மீடியட் என்ற ஒற்றை ஈஸ்ட்மன் கலர்ச் சுருளாகப் பிரதி எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் மூலங்களை அழித்தார்கள். 'லீவ் ஹெர் டு ஹெவன்' மட்டுமில்லை, அந்த நிறுவனத்தின் டெக்னிகலர் படங்கள் வரிசையாகப் போயின.

அழிந்தது வெள்ளி. வெள்ளியின் கருமை மங்காது. நைட்ரேட் உடம்பு நோயுற்றாலும், குளிரில் வைத்துப் பேணியிருந்தால் அந்த மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்களும் பாஸ் லேக்கின் நீலத்தை அச்சு அசலாக நினைவில் வைத்திருக்கும். வைத்துக்கொண்டதோ, மங்குவதற்கென்றே பிறந்த சாயம்; ரிவர்சல் சுருள் அந்த இனத்திலேயே மோசமானது. விதை நெல்லை அவித்துத் தின்ற கதை. அந்த முடிவை எடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தீக்குப் பயந்தார்கள், இடத்துக்கும் பணத்துக்கும் கணக்குப் பார்த்தார்கள். அது தெரிந்தும் எனக்கு ஆறவில்லை. ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு வெயில் பட்ட வெள்ளி அது.

அதே ஆண்டுகளில் ஹாலிவுட் டெக்னிகலர் லேப் சாய அச்சு எந்திரங்களையும் நிறுத்திவிட்டது. அந்த வித்தை பிறகு சீனத்துக்குப் போய், பெய்ஜிங் லேபில் தொண்ணூறுகளின் தொடக்கம் வரை உயிரோடு இருந்தது. நிறம் மங்கும் கொடுமையை எதிர்த்து இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி 1980-ல் குரல் எழுப்பினார். கோடக்கிடம் போய், நிலைக்கும் சாயம் வேண்டும் என்று திரைத்துறையினரின் கையெழுத்துகளோடு கேட்டார். நிலைத்து நிற்கும் ஃபிலிம் சில ஆண்டுகளில் வந்தது. 1990-ல் பழைய படங்களைக் காப்பதற்காகவே அவர் தொடங்கிய ஃபிலிம் ஃபவுண்டேஷன், பிறகு இந்தப் படத்துக்கும் துணை நின்றது.

2005-ல் ஆஸ்கர் அகாதமியின் படக் காப்பகமும் ஃபாக்ஸும் சேர்ந்து மிஞ்சியவற்றிலிருந்து படத்தை மீட்டன. மூலம் போன பிறகு செய்யும் மீட்பு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும். பிரதியில் மங்கிய சயானைத் தூக்கி நிறுத்தலாம். மூலத்தின் நுண்மை பிரதியில் எவ்வளவு இறங்கியதோ அதற்கு மேல் யாராலும் கொண்டுவர முடியாது. சட்டைத் துணியின் இழையும் தூரத்துப் பைன் ஊசியும் அங்கங்கே குழைந்துதான் நிற்கும். அப்படியும் அந்த மீட்பு பெரிய கொடை. 2007-ல் நியூயார்க் திரைப்பட விழாவில் அது திரையேறியது. 2018-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படத்தைச் சேர்த்தது. 2020-ல் கிரைட்டீரியன் நிறுவனத்தின் வட்டு வந்தது. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, திரையின் நிற அளவை ஏற்றாமல் இறக்காமல், ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துப் பாருங்கள். துடுப்பு சொட்டுவது கேட்க வேண்டும். நண்பர்களைக் கூட்டி உட்கார்ந்தால் அந்த ஏரிக் காட்சியில் யாரோ ஒருவர் பேச வாய் திறந்து, பேசாமலே மூடிக்கொள்வதைப் பார்க்கலாம்.

வட்டு வருவதற்கு ஐந்தாண்டு முன்னால் நடந்த ஒன்றைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தேன். மூன்று நெகட்டிவ்களும் போய்விட்டன. ஆனால் அவற்றிலிருந்து அந்தக் காலத்தில் சாயம் ஏற்றிய நைட்ரேட் பிரிண்டுகள் எல்லாமே போய்விடவில்லை. தாய் செத்தும் பிள்ளை பிழைத்த மாதிரி, மிஞ்சிய பிரிண்டில் அந்தக் கெட்டிச் சாயமும் பிழைத்திருந்தது. அமெரிக்காவில் நைட்ரேட் ஓட்டத் தகுதியான திரையரங்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. புரொஜக்டரின் சுருள்பெட்டிகள் தீ தாண்டாதபடி மூடியிருக்க வேண்டும், தீப்பற்றினால் ஆபரேட்டர் அறையின் ஜன்னல்கள் நொடியில் விழுந்து அடைய வேண்டும், ஓட்டும் முன் சுருள் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட அரங்குகளில் ஒன்று டிரைடன். ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. நைட்ரேட் பிரிண்டுகளை மட்டுமே திரையிடும் ஒரு விழாவை 2015-ல் அந்த அருங்காட்சியகம் தொடங்கியது, முதல் ஆண்டுப் பட்டியலிலேயே 'லீவ் ஹெர் டு ஹெவன்' இருந்தது.

டிரைடன் அரங்கு இருப்பது ராச்செஸ்டரில். பஞ்சு அமிலத்தில் ஊறிய அதே ஊர். கோடக் ஆலையிலிருந்து மேற்கே மலைக்கு ஏறிய சுருள்கள் வாங்கி வந்த வெயில், எழுபது ஆண்டு கழித்து ஒரு புரொஜக்டரின் வாயில் நுழைந்தது. அரங்கில் விளக்கு அணைந்தது. ஒரு ரயில், ஒரு புத்தகம், ஒரு பெண்ணின் பார்வை. பிறகு செம்பாறைகளுக்கு நடுவே சாம்பல் பறந்தது. பிறகு ஏரி வந்தது. படம் முடிந்ததும் ஆபரேட்டர் ரீல்களைச் சுற்றி, டப்பாவில் வைத்து, மூடியை அழுத்தினார். பெட்டி மறுபடி குளிர்ந்த காப்பறைக்குக் கிளம்பியது.